காட்சிக்கு முந்தைய வாரம்: வெளிநாட்டில் நாடகம் படித்தவர்களின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மூன்றாம் மணி

நடிப்புப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். டெக் வாரம், அதாவது ஒளியையும் ஒலியையும் நடிகர்களோடு சேர்த்துச் சரிபார்க்கும் கடைசி வாரம், எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: காலை ஒன்பது மணிக்குக் குரல் வகுப்பு, அது முடிந்ததும் உடலசைவு, மதியத்திலிருந்து இரவு பத்து வரை அரங்கம், இதற்கிடையே வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டிய கட்டுரை. நான் எழுத வந்தது அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமைக் காலையைப் பற்றி மட்டுமே.

நாடகத்தில் எனக்கு மொத்தம் பதினான்கு வரிகள். அவற்றுள் ஒன்று, பூங்காவில் காத்திருப்பதாகச் சொல்லும் வரி. குரல் ஆசிரியை ஒரு மெல்லிய காகிதத் துண்டை என் உதடுகளுக்கு எதிரே இரண்டு விரற்கடைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, ‘பார்க்’ என்று சொல்லச் சொன்னார். எனக்கு முன்னால் சொன்னவர்கள் அனைவருக்கும் படபடத்த காகிதம், எனக்கு அசையவே இல்லை. சொல்லின் முதலில் வரும் பகரத்தை நாம் மூச்சை வெளியே தள்ளாமல் ஒலிக்கிறோம். ஆங்கிலம் பேசிப் பழகிய காதுக்கு அந்த மூச்சு இல்லாவிட்டால் அது வேறு எழுத்து, வேறு சொல், மரப்பட்டையையோ நாய் குரைப்பதையோ குறிக்கும் இன்னொரு ‘பார்க்’. அந்த இரண்டு சொற்களையும் வேறுபடுத்தித் தமிழில் எழுதிக் காட்டக்கூட என்னால் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதுவும் எனக்கு வருத்தமில்லை. வகுப்பு முடிந்து காலணியை மாட்டிக்கொண்டிருந்தபோது, என்னோடு அந்தக் காட்சியில் நடிப்பவர் மிகுந்த அன்போடு, “கவலைப்படாதே, முன்பின் வசனத்தை வைத்து நாங்கள் புரிந்துகொண்டுதான் இருந்தோம்” என்றார். ஆறு வார ஒத்திகையிலும் அவருடைய காதில் நான் மரப்பட்டைக்குள்தான் காத்திருந்திருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை.

ஒளிக்குறிப்பு 47

எனக்கு நடந்ததும் அதே வாரத்தில்தான். வசனங்களைத் தாண்டித் தாண்டி, ஒரு கியூவிலிருந்து (ஒளியோ ஒலியோ மாற வேண்டிய குறிப்பிலிருந்து) அடுத்த கியூவுக்குப் போகும் அந்த முடிவில்லாத மாலை உங்களுக்குத் தெரியும். நாற்பத்தேழாவது ஒளிக் கியூவில் மேடை மேலாளர் “நிறுத்துங்கள், அப்படியே இருங்கள்” என்றார். நான் படிக்கட்டின் மூன்றாம் படியில் ஒரு கையில் வெற்றுப் பெட்டியோடு நின்றேன். இருட்டுக்குள் ஒளி அமைப்பாளரும் இயக்குநரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். என் பக்கத்தில் நின்ற இருவரின் முகங்களுக்குச் சரியாக இருந்த ஒளி, என் முகத்துக்கு எட்டவில்லை. முன்விளக்கைக் கூட்டினால் அவர்கள் இருவரும் வெளிறிப் போனார்கள், குறைத்தால் என்னுடைய பற்கள் மட்டுமே தெரிந்தன. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதால் அரை மணி நேரத்துக்கும் மேலாக நான் அதைக் கேட்காதவளைப் போலப் பெட்டியைச் சுமந்துகொண்டிருந்தேன்.

கடைசியில், விளக்குகளைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்த முதலாம் ஆண்டு மாணவர் ஏணியின் உச்சியிலிருந்தபடியே, “பக்கவாட்டிலிருந்து ஓர் ஆம்பர், அந்த மஞ்சள் கலந்த ஆரஞ்சு விளக்கு, கொடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்டார். கொடுத்தார்கள். கன்னத்தின் ஓரத்தில் அந்த வெம்மை வந்து விழுந்ததை இன்னும் உணர முடிகிறது. மேடை மேலாளர் அடுத்த கியூவின் எண்ணைச் சொல்லிவிட்டார், வேலை நகர்ந்துவிட்டது. ஏணியில் இருந்தவரிடம் நன்றி சொல்லத் தேடியபோது அவர் கடைசிப் பேருந்துக்குப் போய்விட்டிருந்தார்.

பழைய ஒப்பனைப்பெட்டி

மூன்றாம் மணி அவர்களின் பதிவோடு எனக்கு உடன்பாடில்லை. முன்பின் வசனத்தை வைத்துப் புரிந்தது என்றால் புரிந்தது என்றுதானே பொருள்? நம் நாவில் இருப்பதைக் குறையாக எண்ணிக் காகிதத்தின் முன் நிற்க ஒப்புக்கொண்டதுதான் முதல் தவறு. அந்தப் பாத்திரம் எந்த ஊரில் பிறந்தவர் என்று பிரதியில் எழுதியிருக்கிறதா? எழுதியிராவிட்டால் அவர் உங்களைப் போலவே பேசட்டும்.

என் கதை சிறியது. செய்யுள் நாடக வகுப்பில் ஆசிரியர், அழுத்தமில்லாத அசையும் அழுத்தமான அசையும் மாறி மாறி வரும் ஆங்கில ஐயம்பிக் வரியை மேசையில் தட்டிக் காட்டினார்: பத்து அசைகள், ஐந்து அழுத்தங்கள். நான் பத்தையும் ஒரே எடையில் சொன்னேன். “தட்டச்சு இயந்திரம்” என்றார். எங்கள் யாப்பில் அசையைத் தீர்மானிப்பவை குறிலும் நெடிலும் ஒற்றும்தான், அழுத்தம் அல்ல என்று வாதாடினேன். அப்படியானால் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். ஒரு குறளைச் சொன்னேன். அவர் கூடவே தட்டிக்கொண்டு வந்தார். ஏழாம் சீரோடு நான் நிறுத்திவிட, எட்டாவது தட்டுக்கு ஓங்கிய விரல் அந்தரத்தில் நின்றது. வகுப்பே சிரித்தது, நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். மறுநாள் ஆங்கில வரியைச் சொன்னபோது மீண்டும் தட்டச்சு இயந்திரமாகத்தான் ஒலித்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் மணி

ஒப்பனைப்பெட்டி அவர்களே, நான் ஆசிரியையைக் குறை சொல்லவே இல்லை. வாரம் முழுவதும் என்னிடம் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். எந்தப் பாணியில் பேசுவது என்பதை நான் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், இரண்டு ஒலிகளும் முதலில் என் வாயில் இருக்க வேண்டும். உங்களுடைய கடைசி வரியும் அதைத்தான் சொல்கிறது.

வெந்நீர்க் குடுவை

எனக்கு வியாழக்கிழமை முழு ஒத்திகையின் நடுவில் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. அவ்வளவுதான் கதை.

ஆனால் இந்த வாரத்தை இனிமேல் சந்திக்கப் போகிறவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லியே ஆக வேண்டும். குரல் கம்மத் தொடங்கியதும் எல்லோரும் செய்யும் முதல் தவறு கிசுகிசுப்பது. அது தொண்டைக்கு ஓய்வு அல்ல, பெரும்பாலும் கூடுதல் உழைப்பு. பேசாமல் இருப்பதுதான் ஓய்வு, அதற்காக ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் குடியுங்கள், ஏனெனில் மேடையேறுவதற்கு முன் ஒரு குடுவையைக் காலி செய்வதால் குரல்நாண்களுக்கு உடனே எதுவும் போய்ச் சேராது. ஆவி பிடிக்கலாம். டெக் ஒத்திகையில் முழுக் குரலில் பேச வேண்டிய கட்டாயமில்லை. அடையாளத்துக்குச் சொன்னால் போதும் என்று மேடை மேலாளரிடம் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள், கேட்பவரை யாரும் சோம்பேறி என்று நினைப்பதில்லை. வசனத்தை நள்ளிரவில் உரக்கப் படிக்காதீர்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்து மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள், இரண்டு இரவுகளில் பதிந்துவிடும். இன்னொன்று: 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்த அலெக்சாண்டர் என்பவர் மேடையில் கவிதை ஒப்புவிப்பவர், அவருக்கும் மேடையில் குரல் கம்மிக்கொண்டே இருந்தது. கண்ணாடிகளின் முன் நின்று தன்னையே கவனித்தபோதுதான், பேசத் தொடங்கும் நொடியில் தலையைப் பின்னுக்கு இழுத்துக் குரல்வளையை அழுத்துகிறோம் என்று கண்டுபிடித்தார். இன்று பல நாடகப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் பயிற்சிமுறை அங்கிருந்து பிறந்ததுதான். ஆகவே கழுத்தைக் கவனியுங்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பது தெரியும்.

பக்கத்திரை

எங்கள் வகுப்பில் அந்த வாரம் பேச்சே கிடையாது. பிரெஞ்சு நாடக ஆசிரியர் லெகாக் வகுத்த முறையில், எந்த உணர்ச்சியும் காட்டாத நடுநிலை முகமூடியை அணிந்து செய்யும் பயிற்சி. 1956இல் பாரிஸில் தம் பள்ளியைத் தொடங்கிய லெகாக், சொல்லுக்கு முன்னால் மௌனத்திலிருந்து மாணவரைத் தொடங்க வைத்தவர். உச்சரிப்புக் கவலை இல்லாத வகுப்பு என்று நான் மகிழ்ந்துதான் போனேன். மாலையில் ஒத்திகை, இரவில் உடைக்குப் பொத்தான் தைக்கும் வேலை, காலையில் முகமூடி என்று நான்கு நாட்கள் ஓடின.

ஐந்தாம் நாள் கப்பலுக்கு விடைகொடுக்கும் பயிற்சி. நெருங்கிய நண்பர் கப்பலில் போகிறார், திரும்பி வரமாட்டார், துறையின் விளிம்பு வரை ஓடி ஒரே ஒரு முறை விடைகொடுக்க வேண்டும். முகமூடியை அணிந்துகொண்டு ஓடினேன், நின்றேன், கையை உயர்த்தினேன். ஆசிரியர் நிறுத்தச் சொல்லிவிட்டு, “இது ‘விரைவில் சந்திப்போம்’ என்னும் கை. நான் கேட்டது அதை அல்ல” என்றார். மறுபடியும் செய்தேன். மறுபடியும் அதே கைதான் என்றார். மூன்றாம் முறை கையைத் தூக்கவே முடியவில்லை, மார்புக்கு நேரே வந்து நின்றுவிட்டது.

எனக்குத் தெரிந்தது ‘போய்வா’ என்னும் ஒரு சொல் மட்டுமே. பிரிவு எவ்வளவு நீளமானாலும் அந்த ‘வா’வை விட்டுவிட்டுச் சொல்ல வீட்டில் யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை, ‘போகிறேன்’ என்று வாய் தவறிச் சொன்னால்கூடத் திருத்துவார்கள். விமான நிலையத்தில் என் பாட்டி கையசைத்ததும் அந்தக் கையால்தான். ஆசிரியருக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் முகமூடியைக் கழற்றாமலே நின்றேன். முகமூடிக்குள் பேசக் கூடாது என்னும் விதி அன்று எனக்கு வசதியாக இருந்தது. பாட்டியை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

ஒளிக்குறிப்பு 47

பக்கத்திரை, நான்காம் முறை செய்யச் சொன்னாரா?

பக்கத்திரை

இல்லை. அடுத்தவரை அழைத்தார். அதுவரை மூன்று முறையும் கப்பல் இருப்பதாக அவர் காட்டிய திசையில் இருந்தது தீயணைப்புக் கருவிதான், அதை வேறு நான் முழுநேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மணி

சிலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். சனிக்கிழமைக் காட்சி நடந்தது. அந்த வரிக்குச் சற்று முன் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்து மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மேடையில் மூச்சு வந்தது, தேவைக்கு அதிகமாகவே வந்தது. எதிரே நின்றவர் ஒரு நொடி கண்ணைச் சிமிட்டினார், எச்சில் தெறித்திருக்க வேண்டும். அவரும் அதைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.