46 பேர் வேலை செய்யும் டீ ஃபேக்டரிக்குப் பாதுகாப்புத் திட்டம் போட வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

கட்டபெட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்தத் தோட்டம் கிடையாது, சுற்றியிருக்கிற ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி சி.டி.சி. தூள் (பல் வெட்டிய இரண்டு ரோலருக்கு நடுவே நசுக்கிக் கிழித்துச் சுருட்டுவது) போடுகிறோம். மொத்தம் 46 பேர். அதில் 19 பேர் ஜார்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள். சலிப்பிலும் பேக்கிங்கிலும் பெண்கள் 14 பேர். சீசனில் இலை குவிந்துவிட்டால் இரவு ஷிஃப்ட்டும் ஓடும்.

போன மாதம் எங்கள் தூளை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பாதுகாப்பு, சுகாதாரத்துக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த முதலுதவிப் பெட்டியைப் பார்த்தேன். திறந்தால் உள்ளே காலாவதியான டிஞ்சர் பாட்டில் ஒன்று, யாரோ ஒளித்து வைத்த பீடிக்கட்டு ஒன்று. மூன்று மாதம் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆலோசகரை முதலாளி கூப்பிட்டார். அவர் 140 பக்க ஃபைல் ஒன்றைக் கொடுத்தார். பிரித்துப் படித்தால் அமோனியா கசிந்தால் என்ன செய்வது, பாய்லர் ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. எங்களிடம் அமோனியாவும் இல்லை, பாய்லரும் இல்லை, விறகு போட்டுக் காற்றைச் சூடாக்கும் அடுப்புதான். வேறு எங்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். ட்ரையரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

உண்மையில் என் மனதை அரிப்பது ஃபைல் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால், இரவு ஷிஃப்ட்டில், கரண்ட் போன நேரத்தில் ஒரு பையன் சி.டி.சி. மெஷினில் சிக்கியிருந்த இலையைக் கையால் எடுக்கப் போனான். கரண்ட் வந்துவிட்டது. இரண்டு விரல் நுனி போய்விட்டது. செலவை முதலாளியே பார்த்துக்கொண்டார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் அதே மெஷினில் இன்னொருவன் அதே மாதிரி கையை விடுகிறான், நான் பார்த்துக் கத்தினேன். இதைத்தான் நிறுத்த வேண்டும். எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிட்டயர்டு ஃபிட்டர்:

தம்பி, 31 வருஷம் டீ ஃபேக்டரி ஃபிட்டர் நான். குன்னூர், குந்தா, கூடலூர் எல்லாப் பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் கதையில் ஒரு இடம் இடிக்கிறது. கரண்ட் வந்ததும் மெஷின் எப்படித் தானாக ஓடியது? ஸ்டார்ட்டருக்குள் நோ வோல்ட் காயில் என்று ஒன்று இருக்கும். கரண்ட் போனால் அது விட்டுவிடும், அப்புறம் ஆள் வந்து கைப்பிடியைப் போட்டால்தான் மோட்டார் சுற்றும். தானாக ஓடியதென்றால் யாரோ அதில் விளையாடியிருக்கிறார்கள்.

பழைய ஆயில் ஸ்டார்ட்டர்தானே? இப்போதே எழுந்து போய் அந்தக் கைப்பிடியைப் பாருங்கள். கயிறோ கட்டுக்கம்பியோ சுற்றியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மழைக்காலத்தில் நம் மலையில் லோ வோல்டேஜ் சகஜம், கைப்பிடி அடிக்கடி விழும், விழுந்தால் இலை ரோலரில் அடைத்துக்கொள்ளும், உற்பத்தியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் திட்டுவார். அதனால் இரவில் எவனோ கைப்பிடியைக் கட்டிவிடுவான், காலையில் அவிழ்க்க மறந்துவிடுவான். கட்டியவனுக்கு அது கெட்ட காரியமாகவே தோன்றாது, உற்பத்தியைக் காப்பாற்றியதாகத்தான் நினைப்பான்.

இன்னொன்று. உங்களுக்குக் கரண்ட் இரண்டு வழியாக வரும், லைனிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும். "கரண்ட் இல்லை, கையை விடலாம்" என்கிற பேச்சே ஃபேக்டரியில் இருக்கக் கூடாது. கையை விடுவதற்கு முன்னால் அந்த மெஷினின் ஐசொலேட்டரை, அதாவது கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்கிப் பூட்டுப் போட வேண்டும். அதற்கென்றே ஆறு ஓட்டை உள்ள இரும்புக் கொக்கி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு, சாவி அவனவன் பையில். பூட்டியவன்தான் திறக்க வேண்டும், டீமேக்கரோ முதலாளியோ தொடக் கூடாது. பூட்டிய பிறகு ஸ்டார்ட்டரை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும், மெஷின் அசையவில்லை என்றால்தான் கை உள்ளே.

கையுறை கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சி.டி.சி.யில் ஒரு ரோலர் நிமிஷத்துக்கு 70 சுற்று என்றால் எதிர் ரோலர் 700. ஓடுகிற மெஷினில் கையுறை போட்ட கையை விட்டால் துணியைப் பிடித்து முழங்கை வரைக்கும் இழுத்துவிடும், வெறும் கையென்றால் விரலோடு போகும். நின்று பூட்டிய பிறகு பல் கீறாமல் இருக்கத் தோல் கையுறை போடலாம், அவ்வளவுதான்.

வெலிங்டன் வாலா:

பிறந்தது வெலிங்டன், இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் பாதுகாப்பு அதிகாரி. அண்ணன் சொன்ன பூட்டுத்தான் முதல் வேலை. அதை முடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

140 பக்கத்தை எடுத்து வையுங்கள். உங்களுக்கு வேண்டியது ஐந்தாறு தாள். முதல் தாளில் முதலாளி கையெழுத்தோடு நாலு வரி: ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் மெஷினை நிறுத்தலாம், நிறுத்தியதற்காகச் சம்பளம் பிடிக்க மாட்டோம். தமிழிலும் இந்தியிலும். இந்த வரியை முதலாளி மனதார எழுத மறுத்தால் மற்றதெல்லாம் வெறும் காகிதம், இதை அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அடுத்தது ஆபத்துகளின் பட்டியல். மேஜையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். இலை இறங்குகிற இடத்தில் ஆரம்பித்து, வாட்டுகிற ட்ரஃப், வாடிய இலையை அரைக்கிற ரோட்டார்வேன், சி.டி.சி., ட்ரையர், சலிப்பு, பேக்கிங் என்று இலை போகிற வழியிலேயே நடங்கள். ஒவ்வொரு இடத்திலும் அங்கே வேலை செய்கிறவரிடமே "இங்கே எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்று கேளுங்கள். ட்ரஃப் ஃபேனுக்குக் கம்பி வலை இருக்கிறதா, ட்ரையரில் படிந்த தூள் பற்றிக்கொண்டால் யார் எதை முதலில் நிறுத்துவது, விறகு அடுப்புக்கு எவ்வளவு பக்கத்தில் அடுக்கியிருக்கிறார்கள், இதெல்லாம் தானாக வந்துவிடும். இரவு ஷிஃப்ட்டிலும் ஒரு தடவை நடங்கள். பகலில் ஒழுங்காக இருக்கிற இடம் இரவில் வேறு மாதிரி இருக்கும்.

தீர்வு எழுதும்போது வரிசை முக்கியம். ஆபத்தை அடியோடு எடுக்க முடியுமா? முடியாவிட்டால் மாற்று உண்டா? இல்லையென்றால் மூடி, வலை, மூடியைத் திறந்தால் மெஷினை நிறுத்துகிற இன்டர்லாக். அதற்கு அப்புறம்தான் பயிற்சியும் போர்டும். ஹெல்மெட், மாஸ்க் எல்லாம் கடைசி. நம் ஊரில் தலைகீழாகச் செய்வார்கள், முதலில் ஹெல்மெட் வாங்கி ஃபோட்டோ எடுப்பார்கள்.

மூன்றாவது, ஒரு சாதாரண நோட்டு. அடி பட்டது மட்டும் இல்லை, "கொஞ்சத்தில் தப்பித்தேன்" என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். எழுதத் தெரியாதவர் சொன்னால் வேறொருவர் எழுதலாம், பெயர் தேவையில்லை. மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் டீமேக்கர், ஃபிட்டர், ஒரு இந்திக்காரப் பையன், ஒரு பெண் தொழிலாளி, நீங்கள் உட்கார்ந்து நோட்டைப் படித்து எதை யார் எந்தத் தேதிக்குள் சரி செய்வது என்று எழுதுங்கள். ஐ.எஸ்.ஓ. 45001 என்று வேலையிடப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரத்தைப் பெரிதாகப் பேசுவதன் உள்சரக்கும் இதுதான்: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. அந்தச் சான்றிதழ் வாங்கச் சொல்லி எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

சட்டம் கேட்டீர்களானால், 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்துக்கு 2020இல் இயற்றிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் வந்துவிட்டது. பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பது பழையதில் 1000 பேருக்கு, புதியதில் பொதுவாக 500 பேருக்கு. 46 பேருக்குத் தனி அதிகாரி தேவையில்லை, ஆனால் பொறுப்பு முழுவதும் முதலாளி தலையில்தான். ஒருவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத அளவு காயம் என்றால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அந்த விரல் விஷயத்தைத் தெரிவித்தீர்களா? இல்லையென்றால் இப்போதாவது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்துக்குப் போய்ப் பேசுங்கள். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அந்தப் பையனுக்கு ஊனத்துக்கான பணமும் வர வேண்டும், "முதலாளி செலவு செய்தார்" என்பதோடு அது முடிந்துவிடாது.

மஞ்சூர் அக்கா:

நான் பேக்கிங்கில் இருக்கிறேன், வேற ஃபேக்டரி. ஆண்கள் எல்லோரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள், கொஞ்சம் எங்கள் பக்கமும் வாருங்கள்.

சலிப்பு ரூமில் பறக்கிற பஞ்சு மாதிரித் தூள் இருக்கிறதே, அதுதான் எங்களை மெதுவாகத் தின்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருமல் குறையும், திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் திரும்பி வரும். எங்கள் இடத்தில் சாயங்காலம் ஏர் பைப்பை வைத்து மெஷினை ஊதிச் சுத்தம் செய்வார்கள், கீழே இருந்ததெல்லாம் மேலே வரும், நாங்கள் அதை மூச்சில் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். உறிஞ்சுகிற மெஷின் வாங்கிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளச் சொல்லாதீர்கள், அதில் ஒன்றும் நிற்காது.

அப்புறம் மஃப்ளர். குளிருக்கு எல்லோரும் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் வருவோம், இரண்டு முனையும் தொங்கும். கன்வேயர் பெல்ட் ஓரத்தில் குனிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "மஃப்ளர் போடாதே" என்று போர்டு வைத்தார்கள், யார் கேட்டது, டிசம்பரில் விறைக்கும். கடைசியில் ஆளுக்கொரு குரங்குக் குல்லா வாங்கிக் கொடுத்தார்கள். பிரச்சினை முடிந்தது. புடவைத் தலைப்புக்கு மேலே பட்டன் போட்ட கோட்டும் அப்படித்தான்.

இன்னும் இரண்டு. இரவு ஷிஃப்ட் ஆண்கள் ஓய்வு ரூமில் சட்டியில் கரி போட்டுக் கதவை அடைத்துக்கொண்டு படுப்பார்கள். கரி நெருப்பிலிருந்து வருகிற வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ரூம் எடுத்த சுற்றுலாக்காரர்கள் இப்படிச் செத்ததைப் பேப்பரில் படிக்கிறோம், நம்மவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகாதாம். சட்டியைப் பிடுங்கினால் மட்டும் போதாது, கம்பளி கொடுங்கள்.

இரண்டாவது, வேன் எங்களை ரோட்டு முக்கில் இறக்கிவிடும். அங்கிருந்து தோட்டத்துக்குள் அரை கிலோமீட்டர் நடை. கரடி, காட்டெருமை எல்லாம் அந்த நேரத்தில்தான் நடமாடும். ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே நடந்தால் உங்கள் நோட்டில் ஏறாதா?

இலை வண்டி:

டிரைவர் நான். அக்கா சொன்னதற்கு ஒரு ஓட்டு. லோடு ஏற்றிய பிறகு இலை மூட்டை மேல் ஆள் உட்கார்ந்து வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பனி மூடிய வளைவில் பிரேக் அடித்தால் பின்னால் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

ஒரு விஷயம் அனுபவத்தில். துண்டான விரலை எங்கள் ஆள் ஒருவர் அப்படியே ஐஸுக்குள் போட்டுக் கொண்டுவந்தார், டாக்டர் கெட்டுப்போய்விட்டது என்றார். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டுமாம். ஐஸுக்கு மீன் கடை. இரவில் மீன் கடைக்காரர் நம்பர் யாரிடம் இருக்கிறது என்பதையும் உங்கள் திட்டத்தில் எழுதுங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் எந்த வழியாக இறங்குவது என்பதையும்தான்.

கட்டபெட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஃபிட்டர் அண்ணா, அன்று இரவே போய்ப் பார்த்தேன். கயிறு இல்லை, பழைய சைக்கிள் டியூப். ஒன்றில் இல்லை, மூன்று ஸ்டார்ட்டரில். ஒன்றில் டியூப் வெளுத்து வெடித்தே போயிருந்தது, எத்தனை வருஷமாக இருக்கிறதோ.

நோட்டு வைத்து ஒன்பது நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் காலி. அப்புறம் ஜார்கண்ட் பையன் ஒருவன் இந்தியில் எழுதினான், ரோட்டார்வேன் பக்கத்துப் படி ஈரத்தில் வழுக்குகிறது என்று. அன்று மத்தியானமே படியில் வரி வரியாகக் கம்பி வெல்டிங் வைத்தோம். அதைப் பார்த்த பிறகு இப்போது 17 வரி இருக்கிறது, அதில் நாலு பேக்கிங் பெண்கள் எழுதியது. அக்கா, வேன் ஹட்டி வரைக்கும் போகிறது, அதற்கு முதலாளி உடனே ஒத்துக்கொண்டார். விரல் விஷயத்துக்காக நாளை குன்னூர் போகிறேன், கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

ஒரு சிக்கல். டியூப் கட்டியது யார் என்று கண்டுபிடித்து 500 ரூபாய் அபராதம் போட வேண்டும் என்கிறார் முதலாளி. போடலாமா?

ரிட்டயர்டு ஃபிட்டர்:

போட்டால் நாளையிலிருந்து நோட்டு மறுபடியும் காலி. அந்த 500 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரவு எட்டு மணிக்கு லைன் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். லோ வோல்டேஜ் சரியாகாத வரைக்கும் எவனாவது எதையாவது கட்டிக்கொண்டேதான் இருப்பான். அளந்த கணக்கை வைத்து மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

மூன்று ஸ்டார்ட்டரையும் ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள் தம்பி. ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?