இந்தோனேசியப் பேட்மிண்டன் வீராங்கனை சுசி சுசாந்தி ஆட்டத்தில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு கணம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

மெடான்காரன்:
1992 ஆகஸ்ட் 4, பார்சிலோனா ஒலிம்பிக். பெண்கள் ஒற்றையர் இறுதியாட்டம், எங்கள் சுசிக்கும் கொரியாவின் பாங் சூ ஹியூனுக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தோனேசியாவில், மெடான் நகரத்தில் எங்கள் தெருவில் பெரிய டிவி இருந்தது சீனத் தவுக்கே (முதலாளி) கடையில் மட்டும்தான். அரிசி மூட்டை, எண்ணெய் டின், படிக்கட்டு என்று கிடைத்த இடத்திலெல்லாம் நாற்பது பேர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதல் செட்டை பாங் சூ ஹியூன் 11-5 என்று முடித்ததும் கடைக்குள் ஒரு சத்தம் இல்லை. தவுக்கே எழுந்து போய்க் கல்லாவைத் திறந்து, ஏற்கெனவே எண்ணி வைத்த காசை மறுபடி எண்ண ஆரம்பித்தார். அவருக்குப் பார்க்கப் பயம். அடுத்த இரண்டு செட்டும் சுசிக்கு, 11-5, 11-3. அவ்வளவு நேரமும் அவர் திரும்பவே இல்லை, எங்கள் கூச்சலை வைத்தே யாருக்குப் புள்ளி என்று தெரிந்துகொண்டார்.

மேடையில் கொடி ஏறும்போது சுசி அழுதாரே, அப்போதுதான் திரும்பினார். ஒலிம்பிக்கில் எங்கள் தேசிய கீதம் ஒலித்தது அதுதான் முதல் தடவை. தவுக்கே கையில் நோட்டுக்கட்டு அப்படியே இருந்தது. அன்றைக்கே ஆலன் புடிகுசுமாவும் ஆண்கள் ஒற்றையரில் தங்கம் வாங்கினார். ஆனாலும் எனக்கு அந்த நாள் என்றால் தவுக்கேயின் முதுகுதான்.

ஈப்போ அக்கா:
நாங்கள் இங்கே மலேசியாவில் பூப்பந்து என்போம், நீங்கள் இறகுப்பந்து என்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். பள்ளிக்காக ஒற்றையர் ஆடினவள் நான். மலேசிய ஓப்பனில் சுசியை நேரில் பார்த்தேன், 1995 என்று நினைவு. டிவியில் அந்தக் கால் விரிப்பு அழகாகத் தெரியும். நேரில் முதலில் காதில்தான் விழும். ஷூ தரையில் இழுபடும் ஒரு நீளமான கிறீச். வலையோரம் விழப்போன பந்தை எட்டி எடுத்தார், முன்கால் முழுக்க நீண்டு, பின்கால் தரையோடு படுத்துவிட்டது. சரி, இனி எழ நேரமாகும், புள்ளி போய்விட்டது என்று நினைத்தேன். கை ஊன்றவில்லை. அப்படியே உருவி எடுத்த மாதிரி மேலே வந்து, பின்கோட்டுக்கு ஓடி அடுத்ததையும் எடுத்தார். எதிரே இருந்தவர் ராக்கெட்டைத் தொங்கப்போட்டு ஒரு விநாடி நின்றார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. நானும் ஆடினவள் அல்லவா, அந்த முகம் எனக்குத் தெரியும்.

மறுவாரமே சிமெண்ட் தரையில் அதே மாதிரி முயன்று தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் ராக்கெட்டைத் தொடவில்லை.

கோர்ட்டோரம்:
மெடான்காரன் தம்பி, முதல் செட் போனதற்குப் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை. அது சுசிக்குப் பழக்கமான இடம். 1989 சுதிர்மான் கோப்பை (ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் நாடுகளுக்கிடையேயான அணிப் போட்டி) இறுதியாட்டம், ஜகார்த்தா. கொரியா 2-0 முன்னிலை. பதினெட்டு வயதுப் பெண் முதல் செட்டை 10-12 என்று இழக்கிறாள், இரண்டாவதில் லீ யங் சுக்குக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும். அங்கிருந்து 12-10, 11-0. பூஜ்யம்! இந்தோனேசியா 3-2 என்று கோப்பையை எடுத்தது. முதல் செட் போனாலும் பரவாயில்லை என்று வேண்டுமென்றே எதிராளியை ஓடவிட்டுக் களைக்க வைப்பது அவர் முறை.

அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அதனால் சொல்கிறேன். அந்த விரிப்பை யாரும் சிமெண்ட் தரையில் முயலாதீர்கள். சிமெண்டில் பின்கால் வழுக்காது, பிடித்துக்கொள்ளும், கிழிவது தொடைதான். மரத்தரை அல்லது ரப்பர் பாய், பேட்மிண்டனுக்கென்றே உள்ள ஷூ, இவை வேண்டும். முன்காலில் முதலில் குதிகால் பட வேண்டும், முட்டி பாதம் போகும் திசையிலேயே இருக்க வேண்டும், உள்ளே மடங்கக் கூடாது. பின்கால் விரல்களின் உள்பக்கம் தரையில் இழுபட வேண்டும், அதுதான் பிரேக். ஆட்டத்துக்கு முன்னால் உடம்பு சூடேறாமல் காலை விரிக்கவே விரிக்காதீர்கள். முதலில் பாதி விரிப்பு, அதுவும் பந்து இல்லாமல், ஆறு மாதமாவது. எழுவதற்கு வலு தொடையிலும் பிட்டத்திலும் வேண்டும், அதற்குத் தனியாகப் படியேற்றம், ஒற்றைக்கால் உட்காரல். பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டு முதல் நாளே கேட்கிறார்கள், பெற்றோரும் கைதட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஈப்போ அக்கா:
இது நடந்து முப்பது வருடம் ஆகிறது ஐயா, என் தொடை ஆறிவிட்டது. ஆனால் "வேண்டுமென்றே" என்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்போது சர்வீஸ் கையில் இருந்தால்தான் புள்ளி, பெண்களுக்கு 11 புள்ளிதான் ஒரு செட். அதில் ஒரு செட்டைத் தெரிந்தே விடுவது பைத்தியக்காரத்தனம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, தோற்றார், தோற்ற பிறகும் அவசரப்படவில்லை. அவ்வளவுதான். அதே பாங்கிடம் 1996 அட்லாண்டா அரையிறுதியில் தோற்றபோது திட்டம் எங்கே போனது? பாங் தங்கம் வாங்கினார், சுசிக்கு வெண்கலம். 1990, 91, 93, 94 என்று நான்கு ஆல் இங்கிலாந்து ஓப்பன் பட்டம், 93இல் உலகப் பட்டம், இதெல்லாம் திட்டத்தில் வந்ததில்லை. மூச்சு வாங்கும்போதும் பந்தை உயரத் தூக்கிப் போடும் பொறுமையில் வந்தது.

மேல்வரிசை:
நான் 1994இல் ஜகார்த்தாவில் வேலையில் இருந்தேன். ஊபர் கோப்பை (பெண்கள் அணிகளுக்கான உலகப் போட்டி) இறுதி, செனாயான் இஸ்தோரா அரங்கம், சீனாவுடன். உள்ளே சூடு என்றால் சூடு, நாலு பக்கமும் தட்டுகிற சத்தத்தில் பெஞ்சு அதிரும். சுசி யே ஜாவோயிங்கை வென்றார். அப்புறம் ஆட்டம் 2-2 ஆனது. கடைசி ஒற்றையருக்கு மியா அவுதினா வந்தாள். பதினான்கு வயது. பின்னலும் சின்ன உடம்புமாக அவளைப் பார்த்ததும் என் நண்பன், இந்தக் குழந்தை சாங் நிங்கிடம் அழப் போகிறது, பார்க்க முடியாது, வா என்றான். நான் எழுந்துவிட்டேன். பஸ் நிற்குமிடத்தில் நின்றபோது அரங்கத்துக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். கூரை பிளந்த மாதிரி. மியா வென்றுவிட்டாள், 11-7, 10-12, 11-4. 1975க்குப் பிறகு முதல் ஊபர் கோப்பை.

பத்து வருடம் கழித்து ஏதென்ஸில் அதே மியா, நெதர்லாந்துக்காக ஆடி, அதே சாங் நிங்கிடம் இறுதியில் தோற்று வெள்ளி வாங்கினார். அதை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். 1994க்கு அது ஈடாகவில்லை.

மெடான்காரன்:
முன்பு எழுதியதில் பாதியை விட்டுவிட்டேன். மேல்வரிசை அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு சொல்லத் தோன்றுகிறது.

சுசியும் சீன வம்சாவளிதான், தாசிக்மலாயாவில் பிறந்தவர். நாட்டுக்குத் தங்கம் வாங்கியவருக்கே, சீன வம்சாவளி என்பதால், குடியுரிமைச் சான்று காட்டுகிற தொல்லை இருந்தது. ஆலனையும், பின்னாளில் சீனாவின் லின் டானையும் உருவாக்கிய பயிற்சியாளர் தோங் சின் ஃபூ, குடியுரிமையே கிடைக்காமல் 1998இல் சீனாவுக்குத் திரும்பிப் போனார்.

அதே 1998 மே. ஜகார்த்தாவுக்கு முன்னாலேயே மெடானில் சீனர்களுக்கு எதிரான கலவரம் தொடங்கிவிட்டது. தவுக்கே கடையின் இரும்புக் கதவைக் கடப்பாரையால் நெம்பிவிட்டார்கள். அவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தார்கள். நான் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டிவியை ஒருவர் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். ஒயர் பின்னால் தரையில் இழுபட்டது. 1992இல் என் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்து, கடைசிப் புள்ளிக்கு என்னைத் தூக்கிச் சுற்றியவர் அவர்.

அடுத்த வருடம் தவுக்கே கடையைத் திறந்தார், வேறு டிவி வாங்கினார். பழையதை யார் எடுத்தது என்று அவர் என்னைக் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. அந்த ஆள் இன்னும் அதே கடையில்தான் அரிசி வாங்குகிறார்.