மறு: கிரீன்வே – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். கார் வராமல், நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் போகிற மரஞ்செடி சூழ்ந்த வழியை ஆங்கிலத்தில் "கிரீன்வே" என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> "பசுமைவழி" என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறதுதான் ஐயா. ஆனால் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையைப் பற்றி 2018இல் பேச்சு எழுந்தபோதே "பசுமைவழிச் சாலை" என்ற பெயர் செய்தித்தாள்களில் அதற்குப் போய்விட்டது. சென்னைக்குள் கார்கள் ஓடும் சாலை ஒன்றுக்கும் அதே பெயர். கார் வராத வழிக்கும் அதை வைத்தால் படிப்பவர் குழம்புவார்.

நாம் பெயர் தேடும் பொருளை ஒருமுறை கண்ணால் பார்ப்போம். சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் பழைய ரயில் பாதை. 2011 ஜூன் 30இல் கடைசி ரயில் போனது. இப்போது நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உரியது. போன மாதம் மழை விட்டதும் புக்கிட் தீமா இரும்புப் பாலத்தருகே நடந்தேன். காலடியில் ஈரச் சரளை, ஓரத்தில் புல். பின்னால் மணிச்சத்தம், லேசாக ஒதுங்கினேன், மிதிவண்டி தாண்டிப் போயிற்று. இருபுறமும் மரமும் கொடியும்.

இதை "நடைபாதை" என்றால் சாலையோரச் சிமெண்டுக் கல்தான் நினைவுக்கு வரும். "மிதிவண்டிப் பாதை"யில் நடப்பவர் விடுபடுகிறார். "ஒற்றையடிப் பாதை" அழகான சொல், ஆனால் எதிரே ஆள் வந்தால் ஒருவர் இறங்கி நிற்க வேண்டும். "சாலைசாராத் தடம்" விளக்கம்தான், பெயர் இல்லை.

என் பரிந்துரை இட்டேரி. கொங்குப் பக்கத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் கிளுவை என்ற முள்செடியின் உயிர்வேலி நிற்க, ஆளும் ஆடும் மாட்டுவண்டியும் போகிற மண்வழி. வேலிக்குள் ஓணானும் குருவியும் குடியிருக்கும், கோவைக்கொடி படர்ந்திருக்கும். தாத்தா தோட்டத்து இட்டேரியில்தான் நான் சைக்கிள் பழகினேன். நேராக விழுந்தால் புழுதி, சாய்ந்து விழுந்தால் கிளுவை முள். அகலம், நிழல், மண்தரை, பெருவண்டி வராத அமைதி என்று கிரீன்வேக்கு நாம் எழுதிய விளக்கம் முழுக்க அந்த ஒரே சொல்லில் இருக்கிறது.

"ஏரி" என்று முடிவதால் நீர்நிலை என்று நினைப்பார்கள் என்ற தயக்கம் நியாயமானதே. சரி, கொஞ்ச காலம் "இட்டேரிப் பாதை" என்று எழுதுவோம். பழகியதும் "பாதை" தானாக உதிர்ந்துவிடும்.

அப்புறம், வட்டாரச் சொல் என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம். கண்மாய் தென்மாவட்டச் சொல்தான், இன்று எல்லாருக்கும் புரிகிறது. நெல்லை, தஞ்சை, யாழ்ப்பாணத்து நண்பர்கள் தங்கள் ஊரில் இருபுறமும் வேலியுள்ள மண்வழியை எப்படி அழைப்பார்கள் என்று எழுதுங்கள். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் இட்டேரியை நானே விட்டுக்கொடுக்கிறேன்.