பத்மினிக்கு எதை மாற்றுவது: கார்புரேட்டரையா, கண்டன்சரையா?

மதுரை_பத்மினி

1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. அப்பா வாங்கிய வண்டி. 1089 சி.சி. எஞ்சின், சோலக்ஸ் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுவது), பாயிண்ட் (திறந்து மூடும் மின் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்வது), எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது. இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எங்கேயாவது பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி உயிர் வருவதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது. இன்னொரு தொல்லை: சிக்னலில் அசிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறிவிட்டுத்தான் வேகம் எடுக்கிறது.

சோலக்ஸைக் கழற்றிவிட்டு மாருதி 800 கார்புரேட்டரைப் பொருத்தி, பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?

கோவைப்_பட்டறை

தம்பி, இரண்டையும் ஒரே நாளில் மாற்ற விடாதீர்கள். அதற்குப் பிறகும் வண்டி நின்றால் குற்றம் எங்கே என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

சூடானால் வராது, ஆறினால் வரும் என்றால் முதலில் கண்டன்சரைப் பாருங்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தில், பொறிக்கான மின்சாரத்தைத் தரும் காயிலின் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அதை உள்வாங்கிக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. சூட்டில் அது கசியத் தொடங்கினால் பாயிண்ட் முனையில் பொறி பறக்கும், பிளக்குக்குப் போக வேண்டிய பொறி சோர்ந்துவிடும். வண்டி மறுத்து நிற்கும் அந்த நேரத்திலேயே சோதியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு வயரை எடுத்து, ரப்பர் பிடி போட்ட குறடால் எஞ்சின் உடம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். பட்பட்டென்று நீலமாக அடித்தால் இக்னிஷன் பிழைத்தது. மெலிந்து மஞ்சளாக வந்தால் கார்புரேட்டர் மேல் கை வைக்காதீர்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இந்தச் சோதனை கூடவே கூடாது.

தஞ்சை_வாடகைக்கார்

ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. என் பத்மினியில் ஆறு வருடமாக 800 கார்புரேட்டர்தான். கேஸ்கட், டயாப்ரம், நீடில் வால்வு எதுவானாலும் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகவும் ஓடுகிறது. சோலக்ஸுக்கு நல்ல ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைப் பாகம்) தேடி நான் அலைந்த நாட்களை மறக்கவில்லை. வண்டியை வைத்துப் பிழைப்பவனுக்கு உதிரிபாகம் கையில் கிடைப்பதுதான் முக்கியம்.

கோவைப்_பட்டறை

உதிரிபாகம் கிடைக்கிறது என்பது உண்மை. அதற்கு என்னிடம் மறுப்பில்லை. ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? மாருதி 800இன் 796 சி.சி.க்கு அளவெடுத்த ஜெட், 1089 சி.சி. எஞ்சினுக்குப் பெட்ரோலைக் குறைத்து ஊட்டுகிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். செங்கல் நிறத்தில் இருந்தால் நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கும் அடாப்டர் தகடு கோணலாக இருந்தால் அங்கேயும் காற்று புகும்.

தஞ்சை_வாடகைக்கார்

ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கித்தான் மாட்டினோம். பிளக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

திருச்சி_வேதியியல்

இரண்டு பேரும் இன்றைய பெட்ரோலை மறந்துவிட்டீர்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்கு 13.5ஐ ஒட்டி வரும். புதிய வண்டியில் சென்சார் இருக்கிறது, அது சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கிலேயே ஊற்றும். அதனால் சோலக்ஸை வைத்துக்கொண்டாலும் 1978இன் ஜெட் இன்றைக்குக் கொஞ்சம் சிறியதுதான்.

அந்தக் காலத்து ரப்பரும் எத்தனாலைத் தாங்காது. ஊதும், பிறகு விறைக்கும். மிதித்ததும் திணறுகிறது என்றாரே, மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் அசிலரேட்டர் பம்பின் டயாப்ரத்தை, அதாவது அதன் சவ்வைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். பெட்ரோல் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது, சூடான எஞ்சினுக்கு மேலே கசியும் குழாய் வண்டியையே எரித்துவிடும்.

மின்பொறியாளர்

கோவை ஐயாவின் சோதனை முறை சரி. பாயிண்டையே வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் கேமில் (பாயிண்டைத் திறக்கும் மேடு) உரசும் அந்தச் சின்னக் கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்குகிறது, பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது, டைமிங் பின்வாங்குகிறது. ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்யும் ஒவ்வொரு தடவையும் டைமிங்கையும் பார்க்க வேண்டும். எத்தனை பேர் பார்க்கிறார்கள்? எலக்ட்ரானிக்கில் உரசும் பாகமே இல்லை. கிரைஸ்லர் 1973இலேயே அமெரிக்காவில் தன் கார்கள் எல்லாவற்றிலும் பாயிண்டைக் கைவிட்டது. நாம் மட்டும் ஏன் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

சேலத்து_ஹெரால்ட்

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்ட், தாத்தாவுடையது, என்னிடம் இருக்கிறது. எலக்ட்ரானிக் கிட் ஒன்றை ஆசையாய்ப் பொருத்தினேன். ஏற்காடு போய்விட்டு இறங்கும்போது, மாலை ஆறு மணிக்கு, ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே எஞ்சின் சட்டென்று அடங்கியது. இருமவில்லை, குலுங்கவில்லை. பின்னிருக்கையில் அம்மா. கழற்றிய பாயிண்ட் தகடோ வீட்டு அலமாரியில். வண்டியைக் கயிறு கட்டித்தான் சேலத்துக்குக் கொண்டுவந்தோம்.

பாயிண்ட் கெட்டால் இரண்டு வாரம் முன்பே முனகிக் காட்டும். சாலையோரத்தில் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்து வீடு வந்து சேரலாம். இப்போது பாயிண்டுக்கே திரும்பிவிட்டேன். பழைய மிட்டாய் டப்பா ஒன்றில் பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், ஃபீலர் கேஜ், உப்புத்தாள் எல்லாம் எப்போதும் வண்டியிலேயே இருக்கின்றன.

மின்பொறியாளர்

அக்கா, மூன்று கேள்விகள். மலைமேல் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை ஆனில் வைத்திருந்தீர்களா? காயிலின் மின்தடை எத்தனை ஓம்? பழைய பிரிட்டிஷ் வயரிங்கில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடம்போடு இணைந்திருப்பது) உண்டே, அதைப் பார்த்துத்தான் பொருத்தினார்களா?

சேலத்து_ஹெரால்ட்

நெகட்டிவ் எர்த்தாக முன்பே மாற்றியாகிவிட்டது. காயில் 3 ஓம். சாவி ஆனில்தான் இருந்தது. அம்மாவுக்காக அரை மணி நேரம் ரேடியோ ஓடியது.

மின்பொறியாளர்

கிட்டின் மின்னணு மாட்யூல் வெந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எஞ்சின் நின்றாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் சாதாரண கிட் தாங்காது. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் உங்கள் காயிலும் சூடேறித்தான் இருக்கும்.

சேலத்து_ஹெரால்ட்

சூடேறியிருக்கும், ஆனால் நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்போம்.

மதுரை_பத்மினி

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் உட்கார்ந்தோம். திருமங்கலம் வரை போய்த் திரும்பி, வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தோம். எதிர்பார்த்தபடியே வரவில்லை. வயரைப் பிடித்துப் பார்த்தால் நூல்போல மஞ்சள் பொறி, அதுவும் விட்டு விட்டு. பாயிண்டின் ஒரு முனையில் குழி, மறுமுனையில் கடுகளவு மேடு. பாயிண்டும் கண்டன்சரும் புதிதாகப் போட்டு, இடைவெளி 0.4 மில்லிமீட்டரை ஒட்டி வைத்து, டைமிங்கும் பார்த்தோம். அன்றே மூன்று தடவை சூட்டோடு நிறுத்தி எடுத்தோம். மூன்று தடவையும் உடனே கிளம்பியது.

திணறல் மட்டும் போகவில்லை. மறுநாள் சோலக்ஸைத் திறந்தோம். பம்ப் டயாப்ரம் காய்ந்த எலுமிச்சைத் தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது, மடக்கியதும் விரிசல் விட்டது. ஃபுளோட் தொட்டியின் அடியில் வெள்ளைப் பொடி. புது டயாப்ரம் போட்ட பிறகு மிதித்ததும் எழும்புகிறது. ஆனால் ஐடிலிங் (மிதிக்காமல் எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது.

திருச்சி_வேதியியல்

அந்த வெள்ளைப் பொடி, எத்தனால் இழுத்துவந்த ஈரம் உலோகத்தை அரித்தது. மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஃபுளோட் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள்.

கோவைப்_பட்டறை

தம்பி, இனி கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தண்டைப் பாருங்கள். விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? ஐடிலிங்கில் ஓடும்போது தண்டின் இரு முனையிலும் ஒரு சொட்டு கெட்டி எண்ணெய் விடுங்கள். சில நொடிகள் எஞ்சின் சீரானால் காற்று அங்கேதான் புகுகிறது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் போட்டுத் தருவார்கள். அதைச் செய்யாமல் மிக்ஸர் ஸ்குரூவை எத்தனை தரம் திருகினாலும் ஐடிலிங் நிலையாக நிற்காது.

தஞ்சை_வாடகைக்கார்

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நான்கில் இரண்டு வெளுத்திருக்கின்றன. இன்னும் ஒரு அளவு பெரிய ஜெட் போடப் போகிறேன், கார்புரேட்டரை மாற்றப் போவதில்லை.

மின்பொறியாளர்

மதுரை நண்பரே, புதுக் கண்டன்சர் போட்ட நாளையும் கிலோமீட்டரையும் குறித்துவையுங்கள். ஒரு கோடையைத் தாண்டுகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மதுரை_பத்மினி

பானட்டின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதிவிட்டேன்: 61,340.