சொந்தப் படகை எடுத்தாலே போலீஸ் தடுக்கிறார்கள், எந்தச் சட்டப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உப்புக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். ஈசிஆர் பக்கம் குடியிருக்கிறேன். என்னிடம் காற்றடித்து எடுக்கிற ரப்பர் படகு ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு அடி நீளம், பின்னால் மாட்ட 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். வாங்கிய பில், வரி கட்டிய ரசீது, லைப் ஜாக்கெட், துடுப்பு, விசில், டார்ச் எல்லாம் இருக்கின்றன. வாடகைக்கு விடுவதில்லை, ஆள் ஏற்றிக் காசு வாங்குவதில்லை, மீன் பிடித்து விற்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானும் மச்சானும் உப்பங்கழியில் ஒரு சுற்றுப் போய்விட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம், அவ்வளவுதான்.

போன வாரம் கரையேறும்போது சீருடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "பர்மிஷன் எங்கே" என்றார்கள். எந்த பர்மிஷன், யார் கொடுப்பது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை, "படகு ஓட்டத் தெரியுது, பர்மிஷன் வாங்கத் தெரியாதா" என்று குரலை உயர்த்தினார் ஒருவர். பிறகு எஞ்சினைக் கழற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரசீது கேட்டதற்கு ஸ்டேஷனுக்கு வா என்றார்கள். போனால், இனிமேல் படகை எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எஞ்சினைத் தருகிறார்களாம். நான் போடவில்லை.

அப்புறம் லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று அலைந்தேன். ஒரு அலுவலகத்தில் மீன்பிடிப் படகு மட்டும்தான் எங்கள் வேலை என்றார்கள். இன்னொன்றில் பயணிகள் படகு என்றால் கொண்டு வாருங்கள், சொந்தப் படகுக்குப் படிவமே இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் முதலில் போன இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். படிவமே இல்லாத அனுமதியை நான் எங்கே போய் வாங்குவது? சென்னையில் பிறந்தவன் சார் நான், கரையில் நின்று சுண்டல் தின்றுகொண்டே பார்ப்பதற்கு மட்டும்தான் நமக்குக் கடலா?

எஞ்சினைத் திரும்ப வாங்க என்ன வழி? முறைப்படி ஓட்ட என்ன காகிதம் வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாய்மரக்காரன்:

கையெழுத்துப் போடாதது நல்லது, இனியும் போடாதீர்கள். முதலில் எஞ்சின் விஷயம். ஒரு பொருளைச் சந்தேகத்தின் பேரில் கைப்பற்றும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 102ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 106. ஆனால் அப்படி எடுத்தால் அதை மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், ஜீப்பில் போட்டுக்கொண்டு போய் மூலையில் வைத்துக்கொள்ள அந்தப் பிரிவு இடம் கொடுக்கவில்லை. என்ன தேதியில், எந்தப் பிரிவில், எந்தச் சந்தேகத்தில் எடுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதே சன்ஹிதாவின் 503ஆவது பிரிவில் பொருளைத் திருப்பித் தரச் சொல்லி மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போடலாம், பில் உங்கள் பெயரில் இருப்பது பெரிய பலம். கைப்பற்றிய வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டு வீணாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல், சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை மனுவில் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.

இனி காகித விஷயம், இங்கேதான் குழப்பம். ஆறு, ஏரி, கால்வாய், கழி மாதிரியான உள்நாட்டு நீரில் எஞ்சின் படகு ஓட்டினால் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வரும். அது 1917இலிருந்து இருந்த பழைய சட்டத்தைத் தூக்கிவிட்டு வந்தது. ஒரு மாநிலத்தில் பதிவு செய்தால் நாடு முழுக்கச் செல்லும், சர்வே சான்றிதழ், ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று, காப்பீடு என்று எல்லாம் அதில் இருக்கிறது. படகுகளை வகை பிரித்து வகைக்கு ஏற்றபடி விதி போடவும் அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கடலுக்குள் போனால் வேறு கதை. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தில் 15 டன்னுக்கு மிகாத, கடற்கரையோரம் மட்டும் போகிற கலத்துக்குப் பதிவு கட்டாயமில்லை என்று இருந்தது. 2025இல் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் நிறைவேறிவிட்டது, ஆகவே பழைய விலக்கை நம்பி இப்போது கிளம்பாதீர்கள். உங்களைப் போலக் கழிமுகத்துக்கு அருகில் ஓட்டுபவர் எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்று கரையில் நிற்கும் காவலருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லாவற்றையும் தடுக்கிறார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன, அவர் கையில் ஒரு பக்கத் தாளாவது யாராவது கொடுத்திருக்க வேண்டும்.

உல்லாசப் படகு, விளையாட்டுப் படகுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம் ஜிஎஸ்டி. அவ்வளவு வரி வாங்குகிற அரசு, சொந்தப் படகைப் பதிவு செய்ய ஊருக்கு ஒரு மேசையாவது போடக் கடமைப்பட்டிருக்கிறது.

கரைவாசி_மயிலை:

எனக்கு இதில் போலீஸ் பக்கம் நியாயம் தெரிகிறது, கோபப்படாமல் படியுங்கள். 2008 நவம்பரில் மும்பைக்கு வந்த பத்துப் பேர் எப்படி வந்தார்கள்? குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி வந்து, கடைசியில் எஞ்சின் மாட்டிய ரப்பர் படகில் கொலாபாவில் கரையேறினார்கள். உங்களிடம் இருப்பதும் அதே மாதிரிப் படகுதான். இருட்டு விலகாத நேரத்தில் கரைக்கு வரும் ரப்பர் படகைப் பார்த்துக் கேள்வி கேட்காத காவலர்தான் வேலை செய்யாதவர். கல்பாக்கம் ஒரு பக்கம், துறைமுகம் ஒரு பக்கம், வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. நம்முடையது சாதாரணக் கடற்கரை இல்லை.

அப்புறம் உயிர் விஷயம். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் என்ன நடந்தது என்று இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. சுற்றுலா போன குடும்பங்கள், மீன்பிடிப் படகில் அளவுக்கு மீறி ஏறி, லைப் ஜாக்கெட் இல்லாமல், 22 பேர் போய்விட்டார்கள். கேரளத்தில் தானூரில் 2023 மே மாதம் மறுபடியும் 22 பேர், பாதிக்கு மேல் குழந்தைகள். கெடுபிடி இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

பாய்மரக்காரன்:

மயிலை சார், கேள்வி கேட்கட்டும், பெயர் எழுதிக்கொள்ளட்டும், படகைத் திறந்து காட்டச் சொல்லட்டும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. கேள்விக்குச் சரியான பதில் சொன்ன பிறகும் எஞ்சினைத் தூக்கிப் போனதுதான் பிரச்சினை. பழவேற்காட்டிலும் தானூரிலும் நடந்தது என்ன? காசு வாங்கிக்கொண்டு அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது. தானூர்ப் படகு மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டியது. அங்கே தேவைப்பட்டது படகுத்துறையில் நின்று தலை எண்ணி, அதற்கு மேல் ஒருவரையும் ஏற்றாதே என்று தடுக்கும் ஒரு ஆள். தன் பிள்ளைக்கு லைப் ஜாக்கெட் மாட்டிவிட்டு இரண்டு பேராகத் துடுப்புப் போடுகிறவரை மிரட்டுவதால் அந்த இரண்டு விபத்திலும் போனவர்களில் ஒருவர் கூடப் பிழைத்திருக்க மாட்டார்.

இன்னொன்று என்னை ரொம்ப நாளாக அரிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடலில் ஆபத்து என்றால் உதவி கேட்க உலகம் முழுக்க விஎச்எப் ரேடியோவில் 16ஆம் அலைவரிசை. கையடக்க செட் கிடைக்கிறது, தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். நம் நாட்டில் அதை வைத்துக்கொள்ளத் தனி லைசென்ஸ் வேண்டும், இயக்குபவருக்கும் சான்றிதழ் வேண்டும், பன்னிரண்டு அடிப் படகுக்காரர் அதைப் போய் வாங்குவது எவ்வளவு நடக்கிற காரியம் என்று நீங்களே யோசியுங்கள். மலையேறுபவர்களும் படகோட்டிகளும் வெளிநாட்டில் சட்டையில் மாட்டிக்கொண்டு திரியும் கார்மின் இன்ரீச் மாதிரியான சாட்டிலைட் கருவி இங்கே அனுமதியில்லாமல் வைத்திருந்தால் வழக்கு. அதனுடன் விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்புக்காகத்தான் கெடுபிடி என்கிறார்கள், உயிரைக் காப்பாற்றும் கருவிதான் முதலில் கையை விட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது செல்போன். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரக் காவல் போலீஸுக்கு 1093, இரண்டையும் படகு வைத்திருக்கும் எல்லோரும் போனில் போட்டு வையுங்கள், ஆனால் கரையை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னல் கிடைக்காது.

குப்பத்துக்காரன்:

நான் மீனவர் வீட்டுப் பையன், அப்பா இன்னும் பைபர் படகில் போகிறார். உங்களுக்கு இப்போதுதான் நடக்கிறது, எங்களுக்கு இது தினமும் நடப்பது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அடையாள அட்டை, படகுக்குப் பதிவு எண், கடலுக்குப் போக டோக்கன், பாதுகாப்பு ஒத்திகை நாளில் சோதனைக்கு மேல் சோதனை. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகக் கூடாது. ராக்கெட் விடும் நாளில் வடக்கே போகக் கூடாது. இவ்வளவும் வயிற்றுப்பாட்டுக்குப் போகிறவனுக்கு. பொழுதுபோக்குக்குப் போகிறவருக்கு மட்டும் எதுவும் இருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் எங்கள் கரையில் அது எடுபடாது, அண்ணா.

ஆனால் உங்கள் எஞ்சினை எடுத்துப் போனது அநியாயம்தான். எங்கள் ஆட்களுக்கும் அப்படி நடந்திருக்கிறது. எங்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, நாலு பேர் சேர்ந்து போய் நின்றால் பேசுவார்கள். உங்களுக்கு அதுவும் இல்லை, தனியாக நிற்கிறீர்கள். மயிலை சார் மும்பையைச் சொன்னார், அந்தப் பத்துப் பேர் இறங்கியபோது முதலில் பார்த்து யார் நீங்கள் என்று கேட்டதும் கரையில் இருந்த மீனவர் குடியிருப்புக்காரர்கள்தான். கடலில் யார் இருக்க வேண்டியவர், யார் புதியவர் என்று தண்ணீரில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். உங்களை மாதிரி ஆட்களையும் பெயர், படகு எண்ணோடு எங்கள் கரைக்குத் தெரிய வைத்தால் போலீஸுக்கு இன்னும் இரண்டு கண் கிடைத்த மாதிரி.

ஒரு வேண்டுகோள், இதை ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்கிறேன். மிதவை போட்டிருக்கிற இடத்தில் எஞ்சினை ஓட்டாதீர்கள், அடியில் வலை கிடக்கும். ஒரு வலை அறுந்தால் ஒரு மாதச் சம்பாத்தியம் போச்சு. வாடைக் காற்று ஏறினால் முகத்துவாரத்துப் பக்கம் போகவே போகாதீர்கள், அலை உடைகிற இடத்தில் ரப்பர் படகு புரண்டுவிடும். புரண்டால் முதலில் வருவது நாங்கள்தான்.

தம்பா_தமிழன்:

நான் பல வருஷமாக ப்ளோரிடாவில் இருக்கிறேன், ஊர் திருவான்மியூர். எங்கள் பக்கம் எப்படி என்று சொல்கிறேன், ஒப்பிட உதவும். இங்கே எஞ்சின் படகை வண்டி மாதிரியே பதிவு செய்து, எண்ணைப் படகின் முன்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்கென்று அலுவலகம் இருக்கிறது, ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் தொல்லை இங்கேயும் இருந்தது. லைப் ஜாக்கெட் இருக்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா என்று பார்க்க, எந்தத் தப்பும் செய்யாத படகையும் நிறுத்தி ஏறுவார்கள். ஒரே நாளில் இரண்டு வேறு துறைகள் நிறுத்தியதாகப் புலம்புகிறவர்கள் நிறைய. அதனால் 2025இல் மாநிலத்தில் படகோட்டிகள் சுதந்திரச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், ஜூலை 1 முதல் நடைமுறை. தப்பு நடந்திருக்கிறது என்று நம்பத் தகுந்த காரணம் இல்லாமல், வெறும் பாதுகாப்புச் சோதனைக்காக மாநில அதிகாரி படகை நிறுத்த முடியாது. கருவிகளைச் சரிபார்த்தாயிற்று என்பதற்குப் பதிவு செய்யும்போதே ஒரு ஸ்டிக்கரும் தருகிறார்கள். மத்திய அரசின் கடலோரக் காவல்படைக்கு மட்டும் இது பொருந்தாது, அவர்கள் சந்தேகமே இல்லாமலும் ஏறலாம், ஆவணம் பார்க்கச் சுங்க அதிகாரிகள் அப்படி ஏறியது செல்லும் என்று 1983லேயே இங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம்மூரில் பதிவே தெளிவாக இல்லாதபோது இந்தச் சட்டத்தை அப்படியே கேட்க முடியாது. ஆனால் பதிவு, ஸ்டிக்கர் இரண்டையும் கேட்கலாம். காவலர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு விட்டுவிடுவார்.

கரைவாசி_மயிலை:

ஸ்டிக்கர் யோசனை சரி என்று படுகிறது. எண் ஒட்டிய படகு என்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ரசீது கொடுக்காமல் எஞ்சினை எடுத்ததை நான் ஆதரிக்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பாய்மரக்காரன்:

இதைப் பேசும்போது வருத்தமாக இருக்கிறது. நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர், மூன்று பேரும் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர்கள், மூன்று பேரும் நம்ம சென்னை. இங்கே பாய்மரப் பயிற்சி துறைமுகத்து எல்லைக்குள் இருக்கிறது, உள்ளே போகப் பாஸ் வேண்டும், கேட்டில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. துறைமுகத்துக்கு அந்தக் காவல் தேவைதான், ஆனால் வேறு இடம் என்று ஒன்று இருக்க வேண்டாமா? ஒரு அரசுப் பள்ளிப் பையன் ஆசைப்பட்டு வந்து துடுப்புப் பிடிக்க, படகை இறக்க ஒரு சரிவுத் தளம், பெயர் எழுத ஒரு நோட்டு, பக்கத்தில் லைப் ஜாக்கெட் தொங்கும் கொட்டகை போதும். இத்தனை கிலோமீட்டர் கரை இருந்தும் இந்த ஊரில் காசில்லாதவன் கடலில் இறங்க வழி இல்லை என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

உப்புக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. குப்பத்துக்காரன் தம்பி, மிதவை விஷயம் மச்சானுக்கும் சொல்லிவிட்டேன். உங்கள் கரைப் பெரியவர்களிடம் பேச முடிந்தால் சொல்லுங்கள், நானே நேரில் வருகிறேன்.

எஞ்சினுக்குப் பதிவுத் தபால் இன்று போகிறது. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் எழுதிவிட்டேன், பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். சொந்த உபயோகத்துக்கான சிறிய எஞ்சின் படகை செங்கல்பட்டு மாவட்டத்தில் பதிவு செய்யும் அதிகாரி யார், படிவம் எது, கட்டணம் எவ்வளவு, கழியில் உள்நாட்டு நீர் எல்லை எங்கே முடிகிறது, அனுமதி இல்லை என்று எஞ்சினைக் கைப்பற்றச் சொல்லி எழுத்தில் உத்தரவு ஏதும் உண்டா. இந்த ஐந்து மட்டும் கேட்டிருக்கிறேன். சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் படகு வைத்திருப்பவர்கள் இதே கேள்விகளை உங்கள் மாவட்டப் பெயர் போட்டு அனுப்புங்கள், மூன்று பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மனுவின் நகல் வேண்டும் என்பவர்கள் கீழே சொல்லுங்கள், பெயர், முகவரியை அடித்துவிட்டுப் போடுகிறேன்.