லாண்ட் குரூசர்ல ரேடியோ செற்றுக்கு பவர் எங்க எடுக்கிறது? பொனற்றுக்குள்ள ரெண்டு பற்றரி கிடக்கு

ஒட்டுசுட்டான்_பெடியன்:
வணக்கம் அண்ணாமார். என்னட்ட ஒரு பழைய லாண்ட் குரூசர் 80 நிக்குது, டீசல், யப்பானில இருந்து நேர வந்தது. அதுக்குள்ள 50 வாட் விஎச்எஃப் செற் ஒண்டு பூட்டியிருக்கிறன். ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசன்ஸ் எடுத்திட்டன், அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. இப்போதைக்கு சிகரட் லைற்றர் சொக்கற்றில தான் குத்தி வச்சிருக்கிறன். கேக்கிறதுக்கு வடிவா இருக்கு, ஆனா மைக்கை அமத்தினவுடன செற் ஓஃப் ஆகி திரும்ப ஓன் ஆகுது, லோ பவர்ல எண்டா தாக்குப் பிடிக்குது. மீற்றர் வச்சுப் பாத்தன், செற்றுக்குப் பின்னால 12.4 நிண்டது மைக் அமத்த 10.9க்கு விழுது.

நேர பற்றரியில எடுக்கோணும் எண்டு தெரியும், ஆனா ரெண்டு பற்றரியில எது, என்ன வயர், பியூஸ் எங்க போடுறது, மைனஸ் எங்க குடுக்கிறது எண்டு ஒண்டும் விளங்கேல்லை. செற் பின் சீற்றுக்குக் கீழ வருது, வயர் ஒரு நாலரை மீற்றர் ஓடும். 2018 மார்கழி இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த நேரம் எங்கட பக்கம் கரண்டும் இல்லை போனும் இல்லை, சித்தப்பா ஆக்கள் எங்க நிக்கினம் எண்டே தெரியாம ஒரு இரவு முழுக்க இருந்தனாங்கள், அதுக்குப் பிறகு தான் உந்த ரேடியோவைப் படிக்கத் தொடங்கினன். இந்த மாரிக்கு முதல் சரியாப் பூட்டி முடிக்கோணும்.

குளக்கட்டு:
தம்பி உங்கட செற்றில பிழை இல்லை. உந்த மாதிரி செற்றுகள் 13.8 வோல்ட்டுக்குச் செய்தது, கூடக்குறைய 15 வீதம் தாங்கும், அதாவது 11.7க்குக் கீழ போனா அது தன்னைத் தானே நிப்பாட்டும். 50 வாட்டுக்கு மைக் அமத்தேக்க 10 அம்பியருக்கு மேல இழுக்கும், லைற்றர் சொக்கற்றுக்கு வாற வயரும் மெல்லிசு, உள்ள தொடுற ஸ்பிரிங்கும் லூஸ், அதில தான் உங்கட வோல்ட் எல்லாம் போகுது. நீங்கள் ஒருக்கா 50 வாட்டில அமத்திக் கொஞ்ச நேரம் கதைச்சிட்டு அந்தப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கோ, சுடும்.

வயர் கணக்கைச் சொல்லுறன். நாலரை மீற்றர் எண்டா போய் வர ஒம்பது மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில 10 அம்பியர் ஓடினா 0.65 வோல்ட் அளவில வழியிலயே போயிடும், 6 சதுர மில்லிமீற்றர் எண்டா 0.27 தான். 6 போடுங்கோ. கடையில போய்க் கேட்டா வீட்டு வயரிங்குக்கு அடிக்கிற 7/1.04 ஐத் தூக்கித் தருவினம், அளவு சரி தான் ஆனா அது ஏழு மொத்தக் கம்பி, மாங்குளம் றோட்டுக் குலுக்கலுக்கு நுனியில பூட்டுற லக்கடியில முறியும். நூல் நூலா நிறையக் கம்பி உள்ள வாகன வயர் எண்டு கேட்டு வாங்குங்கோ.

நெடுங்கேணி_விவசாயி:
பியூஸைப் பற்றி நான் ஒண்டு சொல்லோணும், ஏனெண்டா நான் அனுபவப்பட்டவன். என்ர டபிள் கப்புக்கு லைற் பார் ஒண்டு பூட்டேக்க பியூஸை டாஷ்போர்ட்டுக்குக் கீழ, லைற் சுவிச்சுக்குப் பக்கத்தில போட்டவங்கள், பற்றரியில இருந்து அது வரைக்கும் வெறும் வயர். எஞ்சின் அறையில இருந்து உள்ள வாற ஓட்டையில றப்பர் போடேல்லை, தகரம் வயரை அரைச்சு அரைச்சு ஒருநாள் காட்டு றோட்டில வாகனத்தின்ர இரும்புப் பொடியோட முட்டிச்சுது. பியூஸ் போகேல்லை, எப்பிடிப் போகும், சோட் ஆனது பியூஸுக்கு முன்னால. வயர் முழுக்க உருகிப் புகை, மனிசியும் பிள்ளையும் உள்ள. நல்ல காலம் ஸ்பானர் கைக்கெட்டின இடத்தில கிடந்தது, பற்றரி லக்கைக் கழட்டிப்போட்டன்.

பியூஸ் இருக்கிறது வயரைக் காப்பாத்த. அதனால பற்றரியில இருந்து ஒரு சாணுக்குள்ள போடுங்கோ, 20 அம்பியர், மூடி உள்ள ஹோல்டரா வாங்கி வாயைக் கீழ பாக்க வையுங்கோ, தண்ணியும் கிரவல் தூசியும் இறங்காது. ஓட்டைக்கு றப்பர் கட்டாயம். வயருக்கு மேலால நெளிவுக் குழாயும் போடுங்கோ, எங்கட பக்கம் அணிலும் எலியும் பொனற்றுக்குள்ள குடியிருக்குது.

பழைய_எலக்றீசியன்:
கொஞ்சம் பொறுங்கோ, ஒருத்தரும் அந்த ரெண்டு பற்றரியைப் பற்றிக் கதைக்கேல்லை. நான் கண்ணிவெடி அகற்றுற வேலையில வாகன வயரிங் பாத்தவன், சைட்டில ஒருத்தருக்குக் காயம் எண்டா அம்புலன்சைக் கூப்பிடுறது அந்தச் செற் தான், அதால பவர் விசயத்தில விளையாட விடமாட்டினம்.

யப்பானுக்குள்ள ஓடச் செய்த 80 டீசல்ல வண்டி முழுக்க 12 வோல்ட் தான், ஆனா ஸ்டார்ட்டர் 24. திறப்பைத் திருப்பேக்க மட்டும் றிலே எண்ட ஒரு தானியங்கிச் சுவிச் ரெண்டு பற்றரியையும் தொடரா இணைக்கும். நீங்கள் பிழையான பற்றரியில செற்றைக் குடுத்தா ஓடேக்க எல்லாம் சரியா இருக்கும், அடுத்தநாள் காலமை ஸ்டார்ட் அடிக்கேக்க செற்றுக்கு 20க்கு மேல ஏறும். அந்தப் பற்றரியின்ர மைனஸும் அந்த நேரம் பொடியோட நிக்காது, அதில ஒண்டையும் கொழுவாதேங்கோ.

பாக்கிற முறை சுகம். செற்றைக் கழட்டி வச்சிட்டு மீற்றரின்ர கறுப்பை பொடியில ஒரு நல்ல போல்ற்றில பிடியுங்கோ, சிவப்பை ஒரு பற்றரியின்ர பிளஸில வச்சுக்கொண்டு ஆரையும் ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கோ. வோல்ட் 10, 11 எண்டு இறங்கினா அது தான் உங்கட பற்றரி. ஏறினா மற்றது.

ஒட்டுசுட்டான்_பெடியன்:
அண்ணை கோடி நன்றி. இப்ப தான் பாத்தன், ஒண்டில 10.6, மற்றதில 21! நான் அந்த 21 காட்டினதில தான் குடுக்க இருந்தனான், அது தான் செற்றுக்குக் கிட்ட. மைனஸை 10.6 காட்டின பற்றரியிலயே நேர குடுக்கலாமோ?

பழைய_எலக்றீசியன்:
அதில நேர குடுக்காதேங்கோ தம்பி. எஞ்சினுக்கும் பொடிக்கும் பற்றரிக்கும் இடையில எர்த் பட்டி இருக்குதல்லோ, அது உக்கி விட்டுதெண்டா ஸ்டார்ட்டரின்ர கரண்ட் வேற வழி தேடும், உங்கட மைனஸ் வயர், செற், அன்ரெனா கேபிள் எண்டு அதுகளுக்குள்ளால ஓடும். அதுக்குத் தான் கொம்பனி குடுக்கிற வயர்களில மைனஸுக்கும் பியூஸ் வச்சு வாறது. அந்தப் பற்றரியின்ர எர்த் வயர் பொடியில வந்து இறங்கிற போல்ற் இருக்கும், அதுக்குப் பக்கத்தில பெயின்றைச் சுரண்டி வெள்ளைத் தகரம் தெரியிற மாதிரி எடுத்து அதில இறுக்குங்கோ, மேல கொஞ்சம் கிறீஸ் பூசுங்கோ.

குளக்கட்டு:
இன்னொண்டு, நேர பற்றரியில எண்டா திறப்பை எடுத்தாலும் செற் ஓடும். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலும் அரை அம்பியர் எண்டு வையுங்கோ, ஒரு நாளைக்கு 12 அம்பியர் மணி. செற்றில தானா ஓஃப் ஆகிற செற்றிங் இருந்தா ஓன் பண்ணி விடுங்கோ.

ஒட்டுசுட்டான்_பெடியன்:
நேற்றுப் பூட்டி முடிச்சிட்டன். 6 சதுர மில்லிமீற்றர் வயர், பிளஸிலயும் மைனஸிலயும் பியூஸ், றப்பர், குழாய் எல்லாம் போட்டாச்சு. எஞ்சின் ஓடேக்க பற்றரியில 13.9, மைக் அமத்த செற்றில 13.5 நிக்குது, 50 வாட்டில அசையேல்லை. அந்த எர்த் பட்டியையும் கழட்டிப் பாத்தன் அண்ணை, பாதிக் கம்பி பச்சை பிடிச்சு கையோட வருது, புதுசு வாங்க நாளைக்கு கிளிநொச்சிக்குப் போறன்.