நெதர்லாந்து தட்டை மீன் பிடிப்பு இறங்குது, அமெரிக்கால இறங்கல, ஏன்?

கடலோடி22:
ப்ராஜெக்ட்டுக்காக எஃப்ஏஓ (ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு) டேட்டாவ வச்சு நாடு வாரியா தட்டை மீன் பிடிப்ப கிராஃப் போட்டேன். நெதர்லாந்தோட பிளேய்ஸ்ங்கற தட்டை மீன் பிடிப்பு 1980கள் கடைசில உச்சத்துக்குப் போயிட்டு அப்புறம் ஒரே இறக்கம், ஆனா அமெரிக்காக்காரங்க அலாஸ்கா பக்கத்து பெரிங் கடல்ல யெல்லோஃபின் சோல்ங்கற தட்டை மீன இன்னும் அள்ளிட்டுதான் இருக்காங்க. வட கடல்ல மீன் தீந்து போச்சுன்னு எழுதிடலாமா?

வலைமுடிச்சு:
தயவுசெஞ்சு அப்படி எழுதிடாதீங்க. வட கடல் பிளேய்ஸ் 2000க்கு அப்புறம் நல்லாவே தேறிடுச்சு, பிடிக்கச் சொல்லி குடுத்த கோட்டாவையே பல வருஷம் முழுசா பிடிக்கல. டச்சு போட்டுக்கு உண்மையான காசு சோல்ங்கற இன்னொரு தட்டை மீன்லதான், பிளேய்ஸ் கூடவே ஏறி வர்றது. கனமான சங்கிலிய கடல் தரையில இழுத்துட்டுப் போற பீம் ட்ரால் வலை டீசல குடிச்சுத் தள்ளும், அதுக்கு பதிலா வந்த பல்ஸ் ட்ரால்ல (சங்கிலிக்கு பதிலா லேசான மின்சாரத் துடிப்பு) டீசல் நிறைய மிச்சமாச்சு, அதையும் ஐரோப்பிய யூனியன் 2021 ஜூலைல முழுசா நிறுத்திடுச்சு, அடுத்த வருஷமே டீசல் விலை எகிறவும் நிறைய பேர் அரசாங்கப் பணத்த வாங்கிட்டு போட்ட உடைக்கக் குடுத்துட்டாங்க.

இன்னொண்ணு, சோல் ஒல்லி மீன்ங்கறதால வலைக்கண்ணி 80 மி.மீ.தான். அதுல 27 செ.மீ.க்கு கீழ உள்ள பிளேய்ஸும் கும்பலா மாட்டும், அந்த சைஸ விக்கக் கூடாது, திருப்பி கடல்லயே போடுறதுதான் வழக்கம். உங்க டேட்டால அது வரவே வராது.

நீரோட்டம்:
பெரிங் கடல் கதையும் அப்படித்தான். எஃப்ஏஓ எந்த நாட்டுக் கணக்குல சேக்கறதுங்கறது போட்டோட கொடிய வச்சு, யாரோட கடல்னு பாத்து இல்ல. 1961ல சோவியத், ஜப்பான் போட்டுங்க அங்க 5 லட்சம் டன்னுக்கு மேல யெல்லோஃபின் அள்ளி மீன் வளத்தையே சாய்ச்சாங்க. 1977ல அமெரிக்கா 200 மைல் எல்லை போட்டு அப்புறம் படிப்படியா வெளிநாட்டு போட்ட வெளிய அனுப்பவும் அதே மீன் அமெரிக்கா கணக்குக்கு மாறிடுச்சு. இப்பவும் அங்க எல்லா அடிமீனும் (கடல் தரைப் பக்கம் வாழற மீன்) சேத்து 20 லட்சம் டன்தான்னு உச்சவரம்பு இருக்கு, பொல்லாக்ங்கற (தட்டை இல்லாத) மீன் நல்லா இருக்கற வருஷம் அதுக்கே பெரும்பங்கு போயிடும், தட்டை மீனுக்கு மிச்சம்தான். போதாததுக்கு வலைல ஹாலிபட்ங்கற பெரிய தட்டை மீன் மாட்டுறதுக்கும் தனி லிமிட்.

கடலோடி22:
அப்போ பிடிப்பு குறைஞ்சா மீன் குறைஞ்சதுன்னு எங்கயுமே சொல்ல முடியாதா?

வலைமுடிச்சு:
சொல்லலாம், அட்லாண்டிக் ஹாலிபட்ட பாருங்க. நியூ இங்கிலாந்து பக்கம் 19ஆம் நூற்றாண்டுலயே தூண்டில் போட்டு வழிச்சுட்டாங்க, அமெரிக்கா பக்கம் இன்னும் பழைய நிலைமைக்கு வரல. பக்கத்துலயே கனடால அதே மீன் திரும்ப பெருகி கோட்டாவும் பல வருஷம் ஏறிச்சு. நாடு வாரி கிராஃப் மட்டும் போடாம வட கடலுக்கு ஐசிஇஎஸ் (கடல் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு) வெளியிடுற, முட்டையிடும் வயசு மீனோட மொத்த எடைய எடுத்து பிடிப்புக்கு பக்கத்துல வச்சுப் போடுங்க. இங்கிலாந்துக் கொடில ஓடுற டச்சு முதலாளிங்க போட்டும் நிறைய இருக்கு, அது இங்கிலாந்து கணக்குல ஏறும், அதையும் குறிப்புல எழுதிடுங்க.